படம் பிறப்பது கமராவிலா, இருட்டறையிலா?

"கமரா நல்லதாயின் படமும் நல்லதாகும்" என்பர் சிலர். "எப்படி எடுத்தாலென்ன, பின்னர் கணினியில் திருத்திக்கொள்ளலாம்" என்பர் இன்றைய இளைஞர் பலர். இவற்றுள் எது உண்மை? புகழ்பெற்ற ஒரு படத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1941ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி மாலை. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், ஹெர்னாண்டஸ் என்னுஞ் சிற்றூர் வழியே மோட்டாரில் வந்துகொண்டிருந்தார் அன்செல் அடம்ஸ். கீழ்வானில் நிலவு எழுந்திருந்தது. மேற்கே சாயும் ஞாயிற்றின் கடைசிக் கதிர்கள் இடுகாட்டு வெண்சிலுவைகளில் பட்டு ஒளிர்ந்தன. அவர் வண்டியை நிறுத்திக் கமராவை விரைந்து நிறுவினார். ஒளிமானியைத் தேடினார், அகப்படவில்லை. ஆயினும் நிலவின் ஒளியளவு அவருக்கு மனப்பாடம். அக்கணக்கைக் கொண்டே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தமாகுமுன் சிலுவைகளை விட்டு வெயில் அகன்றுவிட்டது!

கற்ற வித்தை கைகொடுத்திராவிடில் அந்தப் படமே இல்லை. ஆயினும் வேலை அத்துடன் முடியவில்லை. நெகட்டிவின் முன்புறப் பகுதி மெலிந்திருந்தமையால், 1948இல் அதை மட்டும் இரசாயனக் கரைசலில் தோய்த்து வலுப்படுத்தினார். அச்சிடும்போது வானத்துக்கு மிகுதியாக ஒளி கொடுத்துக் கருமையூட்டினார். முந்திய பிரதிகளில் மேகந் தோய்ந்து வெளிறியிருந்த வானம், பிந்தியவற்றில் ஏறத்தாழக் காரிருளாயிற்று.

இளமையில் பியானோ பயின்ற அடம்ஸ், நெகட்டிவை இசையமைப்பாளர் எழுதிய சுரக்குறிப்புக்கும், அச்சுப் பிரதியை அதன் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். நமது நாட்டின் லயனல் வெண்ட் (1900–1944) அவர்களும் பியானோக் கலைஞரே. அவரும் இருட்டறையில் பல படங்களை ஒன்றிணைத்தும், படம் கழுவும்போதே இடையில் ஒளி பாய்ச்சி உருவங்களுக்கு விசித்திரமான விளிம்புகள் தோன்றச் செய்தும் புதுமை கண்டவர்.

இருட்டறையின் இடத்தை இன்று கணினி பிடித்துக்கொண்டது. கைத்தொலைபேசியோ, நாம் படத்தைக் காணுமுன்னரே அதைத் தானாகத் திருத்திவிடுகின்றது. ஆகவே, "திருத்தப்படாத படமே தூயது" என்று வாதிடுவதிற் பயனில்லை. ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அளவு மிஞ்சிய ஒளியால் முற்றாக வெளுத்துப்போன முகத்தின் சாயலை எந்தக் கருவியும் உள்ளபடி மீட்டுத் தராது. ஊகித்து வரைந்து தரலாம். தவறவிட்ட புன்னகையும் அத்தகையதே.

திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உள்ள வானத்தைக் கருமையாக்குவது வேறு. எழாத நிலவை ஒட்டிவைப்பது வேறு. கற்பனைச் சித்திரமென்று சொல்லிச் செய்தால் அது கலை. செய்திப் படத்திற் செய்தால் பொய். நம் வீட்டுப் படங்களுக்கும் இது பொருந்தும். பாட்டியின் முகச் சுருக்கங்களை ஒரு விரலசைவில் அழித்துவிடலாம். ஆனால் நாளை பேரப்பிள்ளைகள் தேடிப் பார்க்கப்போவது அந்தச் சுருக்கங்களையன்றோ?