சமூகம் சார்ந்த மனநலப் பராமரிப்பு

சமூகம் சார்ந்த மனநலப் பராமரிப்பு என்பது மனநோயாளர்களை மனநல மருத்துவமனைகளில் நெடுங்காலம் தங்க வைக்காமல், அவர்கள் வாழும் ஊரிலேயே குடும்பத்தின் துணையுடன் மருத்துவமும் மறுவாழ்வும் அளிக்கும் முறையாகும். மனநல மருத்துவர்கள் குறைவாக உள்ள நாடுகளுக்கு இம்முறை பெரிதும் பொருந்துகிறது.

தேவை

2015-16 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6% பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. கோளாறின் வகையைப் பொறுத்து 70% முதல் 92% வரையிலானோர் சிகிச்சை பெறவில்லை. மனச்சிதைவு போன்ற நோய்களுக்கு மாத்திரைகளை நெடுங்காலம் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் சென்றுவரப் பயணச் செலவோடு அன்றைய கூலியும் போகிறது. இதனால் ஏழைக் குடும்பங்கள் பல சிகிச்சையை இடையில் நிறுத்துகின்றன; நோய் மீண்டும் தலைதூக்குகிறது.

வரலாறு

இந்திய அரசு 1982 இல் தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய முன்னோடி முயற்சியைப் பின்பற்றி, 1996 இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவானது. தமிழ்நாட்டில் இது முதலில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் செயற்படுத்தப்பட்டது.

ஆகஸ்ட் 6, 2001 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். ஊருக்கு அருகில் சிகிச்சை கிடைக்காத குடும்பங்கள் எந்நிலைக்குத் தள்ளப்படுகின்றன என்பதை இந்நிகழ்வு நாட்டிற்கு உணர்த்தியது.

செயற்படும் விதம்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பொதுவான மனநோய்களைக் கண்டறியப் பயிற்சி அளிக்கப்படுகிறது. கடினமான நோயாளிகள் மட்டும் வல்லுநரிடம் அனுப்பப்படுவர். சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஊர் ஊராக அனுப்பியது. நோயாளி அதில் அமர்ந்து சென்னை மருத்துவருடன் காணொளி வழியே பேசினார்; மாத்திரைகள் பேருந்திலேயே வழங்கப்பட்டன. சிம்பாப்வேயில் 2006 இல் தொடங்கிய 'நட்பு இருக்கை' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மரத்தடி இருக்கைகளில் அமர்ந்து ஆற்றுப்படுத்துகின்றனர்.

புதுச்சேரி

முன்னாள் பிரெஞ்சுப் பகுதியான புதுச்சேரி நகரில் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. எனினும் இவ்வொன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவை நகரிலிருந்து தனித்தனியே தொலைவில் அமைந்துள்ளன. ஆந்திரக் கரையிலுள்ள ஏனாம் 800 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. எனவே நகரின் பெரிய மருத்துவமனை மட்டும் போதுமானதன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015 ஆம் ஆண்டு அறிக்கையில், ஒரு இலட்சம் பேருக்கு 43.2 என்ற தற்கொலை வீதத்துடன் புதுச்சேரி நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. தேசிய சராசரி 10.6 ஆகும்.

தற்போதைய நிலை

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளிகளைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது; மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக அறிவிக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் அழைத்து ஆலோசனை பெறலாம். தொலைபேசி ஆலோசனைக்குப் பின் மாத்திரை தேவைப்படுவோருக்கு அருகிலுள்ள சுகாதார நிலையமே கைகொடுக்க வேண்டியுள்ளது.