மாட்டு ஊசியும் மாயாற்றுப் பாறுகளும்

மசினகுடிக்கு அப்பால் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு மாடு செத்துக் கிடந்தால், சேதி முதலில் காகங்களுக்குப் போய்விடும். காகங்கள் கூடுவதை உயரத்தில் வட்டமிடும் ஒரு பாறு பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கும். அது இறங்குவதைப் பார்த்து அடுத்த மலைச்சரிவின் மேலே பறக்கும் இன்னொன்று திரும்பும். அதைப் பார்த்து மற்றொன்று. கொஞ்ச நேரத்தில் முப்பது, நாற்பது பறவைகள் சேர்ந்துவிடும். கூட்டமாக வந்து விழுவது வெண்முதுகுப் பாறுகள். செம்முகப் பாறுகள் பெரும்பாலும் ஜோடியாக வந்து சற்றுத் தள்ளியே நிற்கும். உருவில் சிறிய மஞ்சள்முகப் பாறு, பெரியவை சிதறவிட்ட துணுக்குகளைப் பொறுக்கும். ஒரு முழு மாட்டை எலும்புக்கூடாக்க ஒரு பெரிய கூட்டத்துக்கு அரை மணி நேரம் போதும். அழுகல் நாற்றம் எழுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துச் சொல்லும் பறவை இதுதான். தென்னிந்தியாவில் இது கூடு கட்டிக் குஞ்சு பொரித்து நிலையாக வாழும் பெரிய இடம், முதுமலையும் சத்தியமங்கலமும் பந்திப்பூரும் வயநாடும் சேர்ந்த இந்தக் காட்டுப்பகுதி ஒன்றே. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தபோது தெரிந்தவை 246. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி எடுத்தபோது 320. ஏறியிருக்கிறது என்பது நல்ல செய்தி. ஆனால் ஒரு காலத்தில் ஒரே ஊரின் மாட்டுத்தொட்டிக்கு வெளியே இத்தனை பாறுகளைப் பார்க்க முடிந்திருக்கும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1980களில் இந்தியாவில் நான்கு கோடி அளவுக்குப் பாறுகள் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் ஏரிக்கரைப் பனைமரங்களில் வரிசையாக உட்கார்ந்திருந்ததைச் சொல்வார்கள். திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் நண்பகல் பூசை முடிந்ததும் அர்ச்சகர் வைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்ண இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்துகொண்டிருந்தன. அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து பேருந்து பிடித்து வருவார்கள். 1990களில் அந்த வரவு நின்றுபோனது.

நாடு முழுக்கப் பாறுகள் காணாமல் போன பத்தாண்டும் அதுவே. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ் 1980களின் இறுதியில் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை எண்ணியபோது 353 ஜோடிகள் இருந்தன. 1990களின் நடுவில் திரும்ப எண்ணியபோது பாதிகூட இல்லை. மரத்தின் அடியிலும் கிளைகளிலும் செத்த பறவைகள் கிடந்தன. உயிரோடு இருந்தவற்றில் பல, கழுத்தைத் தொங்கப்போட்டு நாள் கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. இன்னும் சில ஆண்டுகளில் பரத்பூரில் ஒரு கூடும் இல்லாமல் போனது. நாட்டளவில் 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 சதவீதம் சரிந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது என்று பொருள். இவ்வளவு வேகமாக அழிந்த பறவையினங்கள் உலகிலேயே மிகச் சில.

வேட்டையாடி யாரும் கொல்லவில்லை, காட்டையும் ஒரேயடியாக வெட்டவில்லை. தொற்றுநோயாக இருக்கலாம் என்று சில ஆண்டுகள் தேடினார்கள். விடை பாகிஸ்தானில் கிடைத்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை நோயியலாளரும் அவருடைய குழுவும் அங்கே இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தார்கள். கல்லீரல், சிறுநீரகம், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக ஒரு படிவு இருந்தது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்து, வெளியேற வேண்டிய கழிவு உடம்புக்குள்ளேயே தேங்கியிருந்தது. அந்தப் பறவைகளின் சிறுநீரகத்தில் ஒரே மருந்தின் எச்சம் தவறாமல் இருந்தது: டைக்ளோஃபெனாக். இந்த ஆய்வு 2004இல் நேச்சர் இதழில் வெளியானது.

டைக்ளோஃபெனாக் நமக்குப் பழக்கமான மருந்துதான். மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் மாத்திரையாகவும் ஊசியாகவும் வருவது. மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 1990களில் மாட்டு வைத்தியத்துக்கும் வந்துவிட்டது. மடிநோய் கண்ட பசு, நொண்டும் உழவு மாடு, கன்று போட முடியாமல் தவித்த மாடு, எல்லாவற்றுக்கும் அதே வலி ஊசி. மாடு பிழைத்துக்கொண்டால் சிக்கலில்லை. ஊசி போட்ட சில நாட்களுக்குள் செத்துப்போனால், மருந்து சதையிலும் ஈரலிலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறு இரண்டொரு நாளில் சாகும். ஆந்த்ராக்ஸ் கிருமியைக்கூடச் செரித்துவிடும் வயிறு, மனிதன் வலிக்குப் போட்டுக்கொள்ளும் மருந்தைத் தாங்கவில்லை.

இங்கே எல்லாரும் கேட்கும் சந்தேகம் ஒன்று உண்டு. செத்த மாடுகள் எல்லாவற்றுக்குமா ஊசி போட்டிருப்பார்கள்? இல்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சடலத்தில் ஐம்பது பறவைகள் தின்பதுதான் காரணம். கூடிச் சாப்பிடும் பழக்கமே அவற்றுக்கு எமனாகிவிட்டது. போதாததற்கு, வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானே கூடு கட்ட ஐந்தாண்டு ஆகும். ஒரே நாளில் இழந்ததைத் திரும்பப் பெற ஒரு தலைமுறை வேண்டும்.

பாறு போனால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல, 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு இருக்கிறது. இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் முன்பே குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். பாறுகள் அழிந்த பிறகு, முதல் வகை மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் நான்கு சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் கூடுதலாக ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. தின்ன ஆளில்லாத சடலங்கள் நீர்நிலைகளின் ஓரத்தில் அழுகின. தெருநாய்கள் பெருகின, கூடவே வெறிநாய்க்கடியும். மும்பை மலபார் குன்றில் இறந்தவர் உடலைப் பாறுகளுக்கு அளிக்கும் பார்சி சமூகத்தார், பறவைகள் வராமல் போனதால் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை நிறுவ வேண்டியதாயிற்று. ஒரு சமூகத்தின் ஈமச்சடங்கையே ஒரு மாட்டு ஊசி மாற்றிவிட்டது என்பதை நினைக்க வேதனையாக இருக்கிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கான ஊசி 30 மில்லி பாட்டிலில் வந்துகொண்டிருந்தது. ஒரு மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும்போது 30 மில்லி பாட்டில் யாருக்காக? மெடிக்கலில் வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல் மனிதர்களுக்கான ஊசியும் 3 மில்லி ஒற்றைக் குப்பியில்தான் வர வேண்டும் என்று உத்தரவானது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவை உறுதிசெய்தது. இப்போது ஒரு மாட்டுக்குப் போட வேண்டுமென்றால் நாலைந்து குப்பிகளை உடைக்க வேண்டும். வேண்டுமென்றே செய்பவரை அது தடுக்காது. ஆனால் கைக்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று செய்பவரைத் தடுக்கும்.

அதற்குள் வேறு மருந்துகள் அந்த இடத்தைப் பிடித்தன. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்று தெரிந்தது. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் என்று தெரிந்தது. இந்த இரண்டும் 2023இல் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. நிமசுலைடும் அதன் பிறகு தடைப்பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வொரு மருந்தும் சந்தைக்கு வந்து, பறவைகள் செத்து, ஆய்வு முடிந்து, அரசாணை வரப் பல ஆண்டுகள் ஆகின்றன. பாறுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே ஒரு வலி மருந்தைக் கால்நடைக்கு அனுமதிப்பதுதான் முறை. அதை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

மாட்டை வலியில் துடிக்க விடு என்று யாரும் சொல்லவில்லை. மெலாக்சிகாம் என்ற மருந்து அதே வேலையைச் செய்கிறது. பாறுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை என்று சோதித்து நிறுவியிருக்கிறார்கள். டோல்ஃபினாமிக் அமிலமும் அப்படியே. எனவே மாடு, எருமை, ஆடு வைத்திருப்பவர் செய்ய வேண்டியது சின்ன வேலை. டாக்டர் ஊசியை எடுக்கும்போது என்ன மருந்து என்று கேட்பது. மெலாக்சிகாம் போடுங்கள் என்று சொல்வது. யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் வலி ஊசி வாங்கித் தானே குத்தாமல், 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது. கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் கிராமத்தில் உண்டு. எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மருந்துக்கடை வைத்திருப்பவருக்கும் பங்கிருக்கிறது. மாட்டுக்கு என்று கேட்டு வந்தவருக்கு மனித ஊசியைக் கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுப்பது சட்டத்துக்குப் புறம்பானது.

காட்டோரக் கிராமங்களில் இன்னொரு ஆபத்து, நஞ்சு. பட்டி மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்துவிட்டால், ஆத்திரத்தில் மிச்சச் சதையில் குருணை மருந்தைத் தூவிவிடுகிறார்கள். புலி திரும்பி வருகிறதோ இல்லையோ, பாறுகள் வந்துவிடும். 2022 மார்ச்சில் அசாமின் காம்ரூப் மாவட்டத்தில் நஞ்சிட்ட ஆட்டுச் சடலத்தைத் தின்று ஏறத்தாழ நூறு பாறுகள் ஒரே இடத்தில் மாண்டன. மாயாற்றில் அப்படி ஒன்று நடந்தால் இத்தனை ஆண்டு உழைப்பும் ஒரே பகலில் போய்விடும். மாட்டைப் பறிகொடுத்தவரின் கோபம் நியாயமானது. கறவை மாடு என்பது அந்த வீட்டின் மாதச் சம்பளம். வனத்துறை இழப்பீட்டை இழுத்தடிக்காமல் சில நாட்களில் கையில் கொடுத்துவிட்டால் குருணை மருந்தைத் தேடுபவர் குறைவார் என்றே நான் நினைக்கிறேன். பாறுகளைக் காக்கும் பணத்தில் முதல் பங்கு இதற்குப் போக வேண்டும்.

உணவும் வேண்டுமே. மருந்து ஏறாத, நோயில் சாகாத மாட்டின் சடலத்தைப் புதைத்துவிட்டால் பாறுக்குப் பட்டினி. நேபாளத்தின் நவல்பராசி மாவட்டத்தில் பித்தௌலி என்ற ஊர் இதற்கு ஒரு வழி கண்டது. வேலைக்கு ஆகாத கிழமாடுகளை ஊரார் சேர்ந்து வாங்கி, அவை இயல்பாகச் சாகும் வரை வைத்துப் பராமரிக்கிறார்கள். அந்தக் கடைசிக் காலத்தில் பாறைக் கொல்லும் மருந்து எதுவும் கொடுப்பதில்லை. செத்த பிறகு தோலை உரித்துவிட்டு உடலைத் திறந்த வெளியில் போடுகிறார்கள். ஜடாயு உணவகம் என்று அதற்குப் பெயர். பார்க்க வரும் பயணிகளிடமிருந்து கிடைக்கும் வருமானம் ஊருக்கு. அந்த வட்டாரத்தில் கடைகளில் இருந்த டைக்ளோஃபெனாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு மெலாக்சிகாமைக் கொடுத்தார்கள். பாறுகள் திரும்பின. நேபாளத்தில் முடிந்தது நீலகிரி அடிவாரத்தில் முடியாமல் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நகரத்தில் இருப்பவர் மாடு வைத்திருக்கவில்லை என்று ஒதுங்கிவிட முடியாது. பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். அதனால்தான் கூடுள்ள இடத்தைச் சுற்றிக் குறைந்தது 100 கிலோமீட்டர் ஆரத்துக்கு மருந்து இல்லாத பகுதியாக ஆக்க வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். முதுமலையை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். அதற்குள் வருபவை ஊட்டி, கூடலூர் மட்டும் அல்ல. மேட்டுப்பாளையம், கோவை, சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம், அந்தப் பக்கம் மைசூரு, சாமராஜநகர், கல்பற்றா எல்லாம் வந்துவிடும். மருந்துக்கடை எண்ணிக்கையைப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் போகும். மாட்டுக்கு வலி ஊசி வேண்டும் என்று ஆளை அனுப்பி, கடைகள் எதை எடுத்துக் கொடுக்கின்றன என்று சோதிப்பது பாறு ஆர்வலர்கள் ஆண்டுதோறும் செய்துவரும் வேலை. கல்லூரி மாணவர்களும் ஊர் இளைஞர்களும் இதில் சேரலாம். தடை செய்த மருந்தை விற்கும் கடையைக் கண்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். எழுதியதும் நடவடிக்கை எடுத்த மாவட்டங்களில் அந்த மருந்து கடை அலமாரியிலிருந்து இறங்கியிருக்கிறது.

மாயாற்றின் கரையிலும் சீகூர் ஓடையோரத்திலும் உயர்ந்த நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் ஐப்பசி, கார்த்திகையில் கூடு கட்டத் தொடங்கும். குஞ்சு பறக்கச் சித்திரை ஆகிவிடும். அந்த மாதங்களில் படம் எடுக்கிறேன் என்று மரத்தடிவரை போவதும், பறவையை எழுப்ப ஒலி எழுப்புவதும் ஒரே முட்டையைக் கைவிட வைத்துவிடும். தரையில் பறக்க முடியாமல் கிடக்கும் பாறைப் பார்த்தால் தொட்டுத் தூக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். செத்துக் கிடந்தாலும் சொல்ல வேண்டும். அதன் சிறுநீரகத்தில் என்ன மருந்து இருக்கிறது என்பது ஆய்வகத்துக்குத் தெரிந்தால்தான் அடுத்து எந்த மருந்தைத் தடுக்க வேண்டும் என்று தெரியும்.