இரு பேரேடுகள் பேசிக்கொள்வது எப்படி?

ஒரு வங்கியில் கட்டும் பணம் வேறொரு வங்கியில் வரவாவதில் வியப்பில்லை. இரண்டுக்கும் மேலே ரிசர்வ் வங்கி இருக்கிறது. ஆனால் எதீரியம் போன்ற பிளாக்செயின்களுக்கு மேலதிகாரி எவருமில்லை. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் ஒரே பேரேட்டின் படிகளை வைத்துக்கொண்டு தமக்குள் ஒத்துப்பார்க்கின்றன. ஒரு பேரேட்டுக்கு மற்றதன் ஏட்டைப் பார்க்கும் கண் இல்லை. "அங்கே நாணயத்தைப் பூட்டிவிட்டேன், இங்கே ஈடு கொடு" என்று ஒருவர் கேட்டால் எதை நம்புவது?

எளிய வழி, சாட்சிகளை நம்புவது. ரோனின் என்னும் 'பால'த்துக்கு 2022 மார்ச்சில் 9 சாட்சிகள் இருந்தனர். 5 கையொப்பம் போதுமானதாக இருந்தது. 2022 மார்ச் 23இல் திருடர்கள் ஐந்து கையொப்பச் சாவிகளைக் கைப்பற்றி 1,73,600 ஈதர் நாணயங்களையும், மேலும் 2 கோடியே 55 லட்சம் டாலரையும் எடுத்துச் சென்றனர். ஆறு நாள்வரை எவரும் அறியவில்லை!

ஆள் சாட்சிக்குப் பதில் கணக்கையே சாட்சியாக்க முடியுமா? முடியும். ஹாஷ் என்பது எவ்வளவு நீண்ட செய்தியையும் 32 பைட் எண்ணாகச் சுருக்கும் கணக்கு. செய்தியில் ஓர் எழுத்து மாறினாலும் எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பேரேட்டின் பதிவுகளை இவ்வாறு சுருக்கி, இரண்டிரண்டாக இணைத்து மீண்டும் சுருக்கிக்கொண்டே போனால், கடைசியில் ஒரே 'வேர் எண்' மிஞ்சும். இதுவே ரால்ஃப் மெர்க்கில் 1979இல் வகுத்த மெர்க்கில் மரம். 10,48,576 பதிவுகளில் ஒன்று உண்மையென நிரூபிக்க, வேருக்குப் போகும் வழியிலுள்ள 20 எண்கள் போதும். மொத்தம் 640 பைட். முழு ஏட்டையும் சுமக்க வேண்டியதில்லை. எவ்வளவு சிக்கனம், பாருங்கள்!

வேர் எண் உண்மையானதா என்ற கேள்வி எழும். காஸ்மாஸ் குடும்பப் பேரேடுகள் 2021 முதல் கையாளும் ஐபிசி முறையில், ஒரு பேரேடு மற்றதன் சரிபார்ப்பாளர் பட்டியலைத் தன்னிடமே வைத்திருக்கும். மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்ட வாக்குரிமை உடையோர் கையொப்பமிட்ட வேர் எண்ணையே ஏற்கும். இடையில் செய்தி சுமப்பவர் தபால்காரரைப் போன்றவர். கடிதத்தைத் தாமதிக்கலாம்; திருத்த இயலாது.

எனினும் கணக்கைச் சரிபார்க்கும் நிரலை எழுதுபவர் மனிதர்தாமே! பிஎன்பி பாலத்தின் நிரலில், ஒரு கணுவுக்கு இடக்கிளை இருந்தால் வலக்கிளையைக் கணக்கில் சேர்க்காமல் விடும் பிழை இருந்தது. வலக்கிளையில் எதைச் செருகினாலும் வேர் எண் மாறாது. 2022 அக்டோபரில் ஒருவர் அங்கே பொய்ப் பதிவைச் செருகி, 20 லட்சம் பிஎன்பி நாணயங்களைப் பெற்றார். சரிபார்ப்பாளர்கள் சங்கிலியையே நிறுத்தினர். அதற்குள் சுமார் 10 கோடி டாலர் வேறு சங்கிலிகளுக்குப் போய்விட்டது.