அலுவலகத்தின் இரண்டாவது வழி எங்கே?

காலையில் சாப்பாட்டுப் பையுடன் கணவரோ மகனோ மகளோ வேலைக்குப் புறப்படும்போது, “வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள்” என்று சொல்லி அனுப்புகிறோம். அலுவலகத்திற்குள் நுழைந்துவிட்டார் என்றால் நம் கவலை தீர்ந்துவிடுகிறது. மேசையும் நாற்காலியும் கணினியும் மட்டுமே உள்ள இடத்தில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று எண்ணுகிறோம். இந்த எண்ணம் சரிதானா?

2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலையிலுள்ள கார்ல்டன் டவர்ஸ் என்னும் அலுவலகக் கட்டடத்தில் தீப்பிடித்தது. மின்கம்பிகள் செல்லும் குழிவழியே எழுந்த புகை மேல்தளங்களைச் சூழ்ந்துகொண்டது. மூச்சுத் திணறியவர்களில் சிலர் சன்னல் வழியே குதித்தனர். 9 பேர் மாண்டனர். சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 23 அன்று, கொல்கத்தா பார்க் தெருவில் அலுவலகங்களும் குடியிருப்புகளும் நிறைந்த ஸ்டீபன் கோர்ட் கட்டடம் பற்றி எரிந்தது. மொட்டை மாடிக்குத் தப்பிச் செல்ல ஓடியவர்களைப் பூட்டிய கதவு தடுத்தது. அங்கே மடிந்தோர் 43 பேர்.

வாசகர்களே, இவர்கள் போர்க்களத்திற்கோ சுரங்கத்திற்கோ சென்றவர்கள் அல்லர். இவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போல மேசைமுன் அமர்ந்து வேலை செய்தவர்களே. நெருப்பு நெருங்குமுன்பே புகை உயிரைப் பறித்துவிடுகிறது. புகைக்கும் மனிதனுக்கும் நடக்கும் இந்த ஓட்டத்தில், திறந்த படிக்கட்டு ஒன்றே மனிதனுக்குத் துணை.

ஆனால் நம் அலுவலகங்களில் அந்தப் படிக்கட்டின் நிலை என்ன? உடைந்த நாற்காலிகளும் பழைய கோப்புக் கட்டுகளும் தண்ணீர்க் கேன்களும் அங்கேதான் அடுக்கப்படுகின்றன. திருட்டுப் பயத்தால் பின்கதவு பூட்டப்படுகிறது. சாவி காவலாளியின் சட்டைப் பையில் இருக்கிறது. வெளியேறும் கதவுகள் உள்ளிருந்து சாவியின்றித் திறக்கக்கூடியனவாக இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட நெறிமுறை கூறுகிறது. வெளியிலிருந்து திறக்க முடியாததாகவும், உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்வதாகவும் உள்ள தாழ்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தினால் பொருளையும் காக்கலாம், உயிரையும் காக்கலாம்.

தீ எங்கிருந்து தொடங்குகிறது?

பல நேரங்களில் மேசைக்கு அடியிலிருந்துதான்! சாதாரணச் சிறிய பிளக் பாயின்ட் 6 ஆம்பியர் மின்னோட்டத்திற்கென அமைக்கப்பட்டது. தேநீருக்காக அதில் செருகும் 1500 வாட் மின்கெட்டிலோ, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கிறது. அதே இணைப்பில் கணினியும் அச்சுப்பொறியும் சேர்ந்துகொண்டால் கம்பி சூடேறுகிறது. நாளடைவில் அதன் உறை இளகுகிறது. அருகிலோ காகிதக் குவியல்! கெட்டிலுக்குத் தனியாகப் பெரிய பிளக் பாயின்ட் அமைப்பதும், மாலையில் விசைகளை அணைத்துவிட்டுப் புறப்படுவதும் செலவு மிக்க காரியங்களா?

தீப்பிடித்துவிட்டால் என்ன செய்வது?

மின்சாதனத்தில் பற்றிய தீயில் தண்ணீர் ஊற்றலாகாது, மின்சாரம் தாக்கக்கூடும். முதலில் விசையை அணைக்க வேண்டும். தீ சிறிதாக இருந்து, வெளியேறும் வழி நமக்குப் பின்னால் திறந்திருந்தால் மட்டும், கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர்தூள் தீயணைப்பானின் ஊசியை இழுத்து, தீயின் அடிப்பகுதியை நோக்கிப் பீய்ச்சலாம். இல்லையேல் உடனே வெளியேறி 101 அல்லது 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். லிஃப்டில் ஏறவே கூடாது. புகை மேலே எழும்பும். ஆதலால் குனிந்தோ தவழ்ந்தோ செல்ல வேண்டும். படிக்கட்டிலும் புகை நிறைந்திருந்தால், சாலையை நோக்கிய அறைக்குள் சென்று கதவைச் சாத்தி, இடுக்கை ஈரத்துணியால் அடைத்து, சன்னலருகே நின்று உதவி கோர வேண்டும்.

“புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் நான், மேலாளரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது?” என்று தயங்குவோர் பலர். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான்கு பேர் சேர்ந்து எழுத்தில் கேட்கலாம். பூட்டைத் திறந்து வைக்குமாறு வேண்டுவது குற்றம் கூறுவதாகாது. அந்த மேலாளரும் அதே கட்டடத்தில்தானே அமர்ந்திருக்கிறார்!

இல்லத்தரசிகளே! இன்று மாலை வீடு திரும்புபவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். உங்கள் அலுவலகத்தின் இரண்டாவது படிக்கட்டு எங்கே இருக்கிறது? அதன் கதவு பகல் முழுவதும் திறக்கும் நிலையில் இருக்கிறதா? அதன் வழியே ஒருமுறையேனும் நீங்கள் கீழே இறங்கிப் பார்த்ததுண்டா? விடை கூற அவர் தடுமாறினால், நாளை காலை முதல் வேலையாக அந்தப் படிகளில் இறங்கிப் பார்த்துவரச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடங்கள் போதும்.