ஊசி தயார், கப்பல் எப்போது?

கச்சால் தீவில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவ வலி எடுத்துவிட்டால்? அந்தமான் நிக்கோபாரின் பெரிய அரசு ஆஸ்பத்திரியான ஜி.பி. பந்த் மருத்துவமனை இருப்பது போர்ட் பிளேரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அதே ஊர்). நடுவில் 400 கி.மீ.க்கு மேல் கடல். கப்பல் தினமும் கிடையாது. ஹெலிகாப்டர் என்றால் வானிலை ஒத்துழைக்க வேண்டும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970களில் ரப்பர் தோட்டத்தை நம்பிக் குடியேறிய தீவு இது. அவர்களுக்கும் சரி, நிக்கோபாரிகளுக்கும் சரி, நெருக்கடியில் முதல் நம்பிக்கை உள்ளூர் சுகாதார நிலையம்தான்.

அங்கே வைத்திருக்கக்கூடிய ஒரு மருந்து, டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. ஆஸ்துமா, கடும் அலர்ஜி, மூளை வீக்கம் என்று பலவற்றுக்கும் பயன்படுகிறது. விலை சில ரூபாய்கள்தான். ஃப்ரிட்ஜ் தேவையில்லை என்பதால் மின்வெட்டுக்கும் அஞ்ச வேண்டாம். சென்னையிலிருந்து 1,300 கி.மீ.க்கு மேல் கடல் கடந்து வரும் சரக்கில் இப்படிப்பட்ட மருந்து ஒரு வரம்.

குறைமாதக் குழந்தைக்கு இது எப்படி உதவுகிறது? 1960களில் நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மருத்துவர் செம்மறி ஆடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மூச்சுவிடவே முடியாத பருவத்தில் பிறந்த ஓர் ஆட்டுக்குட்டி, ஸ்டீராய்டு பெற்றிருந்ததால் மூச்சுவிட்டது. அவரும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 1972இல் வெளியானது. தாய்க்குப் போடும் ஊசி நஞ்சுக்கொடி வழியே கருவை அடைந்து, நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. அளவு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசிகள். 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட பெண்ணுக்கு முதல் ஊசியைப் போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, கிராம நர்ஸுக்கே மத்திய அரசு 2014இல் அனுமதி தந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நல்லது. ஆனால் இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்த ஆய்வின் முடிவு 2015இல் அச்சேறியபோது அதிர்ச்சி காத்திருந்தது. சிசு மரணம் குறையவில்லை. மொத்தத்தில் சற்றுக் கூடியே இருந்தது. நிறைமாதத்தில் பிரசவித்த பலருக்கும் ஊசி போயிருந்தது. தாய்மார்களிடம் நோய்த்தொற்று அறிகுறிகளும் அதிகம் தெரிந்தன. நேர்மாறாக, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில் (2020), சிசு மரணம் நூற்றுக்கு 23.5லிருந்து 19.6 ஆக இறங்கியது. மருந்து ஒன்றே. ஆனால் இங்கே வாரக்கணக்கு ஸ்கேனில் உறுதியாகியிருந்தது. பிறந்த குழந்தையைப் பராமரிக்க வசதியும் இருந்தது.

கொரோனாவிலும் இதே பாடம்தான். 2020 ஜூனில் வெளியான பிரிட்டன் ஆய்வின்படி, டெக்ஸாமெத்தசோன் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அப்படியும் கண்டபடி விழுங்கியவர்கள் உண்டு. 2021இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியதற்குச் சர்க்கரை நோயுடன் ஸ்டீராய்டின் தவறான உபயோகமும் ஒரு காரணம் என்றார்கள் மருத்துவர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து இது.

ஆக, தீவுகளில் கேள்வி மருந்து கிடைக்கிறதா என்பது மட்டுமல்ல. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்து வாரத்தைக் குறித்து வைத்தார்களா? காய்ச்சலோ தொற்றோ இருக்கிறதா என்று பார்த்தார்களா? முதல் ஊசி போட்ட நேரத்தை அட்டையில் எழுதினார்களா? பயணம் நீண்டால் இரண்டாவது ஊசிக்கான நேரம் நடுக்கடலில்தான் வரும். அப்போது அதைப் போடக் கூடவே ஒரு நர்ஸ் வேண்டும். கரையில் குழந்தைக்குச் சூடான படுக்கையும் ஆக்ஸிஜனும் காத்திருக்க வேண்டும். சில ரூபாய் மருந்து தீவுக்கு வந்து சேருவது சுலபம். தாய் உரிய நேரத்தில் தீவை விட்டுக் கிளம்புவதுதான் கஷ்டம்.