உங்களுக்குத் தெரியுமா? பத்து ரூபாய் தாண்டினால் புதையல்!

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறீர்கள். மண்வெட்டியில் ‘ணங்’ என்று ஏதோ தட்டுகிறது. செப்புக் குடம்! அதில் இருப்பது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே, கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். அன்றைய பத்து ரூபாய் பெரிய காசு. இன்று ஒரு டீக்குக்கூடக் காணாது.

மறைத்தால் உங்கள் பங்கு அரசுக்குப் போய்விடும். ஓராண்டு வரை சிறையும் உண்டு. சொன்னால் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. உரிமையாளர் இல்லாத புதையல் என்று கலெக்டர் அறிவித்து, வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் தர வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் இப்படியொரு தாராளம்!

சொல்லாமல் விட்டதன் கதைதான் பத்தூர் நடராசர். 1976-இல் மண் தோண்டியபோது கிடைத்த அந்த ஐம்பொன் சிலை கைமாறிக் கைமாறி லண்டனுக்கே போய்விட்டது. அங்கே நடந்த வழக்கில் சிலைக்கு உரிமை கோரியவர்களில், இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலும் அதன் சிவலிங்கமும் உண்டு! கோயிலும் சட்டத்தின் கண்ணில் ஓர் ‘ஆள்’தான் என்பதை ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. 1991-இல் நடராசர் நாடு திரும்பினார்.