ருஷ்ய அரங்கில் தமிழ்த் தாசியின் நிழல்

1877-ம் வருஷம் ருஷ்யாவின் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறிய 'லா பயதேர்' என்னும் நாட்டிய நாடகம் இன்றளவும் உலக அரங்குகளில் ஆடப்பட்டு வருகிறது. அதனை அமைத்தவர் மாரியஸ் பெட்டிப்பா. கதாநாயகியோ இந்தியக் கோயில் தாசி! சர்ப்பம் தீண்டி மாண்ட அவளை, கைவிட்ட காதலன் அபினி மயக்கத்தில் நிழலுலகிற் காண்கிறான். வெள்ளுடை தரித்த நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிவில் இறங்கிவரும் அக்காட்சியே நாடகத்தின் ஜீவன்.

பனி சூழ்ந்த அந்நகருக்குத் தாசியின் கதை எவ்வாறு சென்றது? 1838-ல் புதுச்சேரிப் பக்கத்துத் தாசிகள் சிலர் பாரிஸ் சென்று ஆடினர். அவர்களுள் அம்மணி என்பவளைக் கண்டு வியந்தெழுதிய பிரெஞ்சுக் கவி தியோபில் கோத்தியே, 1858-ல் சகுந்தலை கதையை நாட்டிய நாடகமாக்கினார். அதற்கு ஆட்டம் அமைத்தவர் பெட்டிப்பாவின் தமையனார் லூசியன். அந்த மோகத்தின் பிற்காலக் கனியே 'லா பயதேர்'.

அதில் நமது சதிரின் அடவு ஒன்றேனும் இல்லை. உள்ளது ஐரோப்பியரின் கற்பனையே. ஆயினும் தமது கலையைத் தலைமுறைதோறும் பள்ளியில் பயிற்றிக் காத்தனர் ருஷ்யர். நாமோ? சென்னை மாகாணத்தில் 1947-ல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது, அது நியாயமே. ஆனால், தளையை அறுத்த நாம் கலையைக் காத்த மாதரின் பெயரையும் மறத்தல் தகுமோ? சுசீந்திரத்திலும் தாசிகள் ஆடிய காலம் உண்டு. அவர்தம் பெயர்களைத் தேடி எழுதி வைப்பது சுதந்திரத் தமிழரின் கடன் அன்றோ!